பின்னால் நின்றவர்கள் தெளிவாக விழுந்த காலம்

என் அக்கா சுமலதாவின் வீட்டுக்காரர் முனிவேல் மாமாவுக்கு இரண்டு வேலை. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வண்டி பாகங்களைச் சரி பார்த்து அனுப்பும் பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்துவிட்டால் போட்டோகிராபர். கம்பெனியில் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, அதைப் பற்றி அவருக்கும் கவலை இல்லை. ஆனால் உத்தனப்பள்ளியிலிருந்து சூளகிரி வரைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் எடுத்த படம் ஒன்றாவது சுவரில் தொங்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று எதற்குக் கூப்பிட்டாலும் போய் நிற்பார்.

அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் இருக்கிறது. பட்டனைப் பாதி அமுக்கினால் தானே தெளிவு பிடித்துக்கொண்டு 'பீப்' என்று கத்தும். ஊரே அதில்தான் எடுக்கிறது. மாமா மட்டும் அதை அணைத்து வைத்துவிட்டு, வியூஃபைண்டரில் கண்ணை ஒட்டி, லென்ஸ் வளையத்தைக் கையால் திருகித் திருகி எடுப்பார்.

கேட்டால், "அதுக்கு என்னா தெரியும் மச்சான்? பொண்ணு கண்ணுல தண்ணி நிக்குதான்னு அது பாக்குமா?" என்பார்.

நான் சூளகிரியில் ஆல்பம் டிசைன் செய்து பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிற படங்களில் மாமா எடுத்ததைப் பெயர் பார்க்காமலே சொல்லிவிடுவேன். தாலி ஏறும் நேரத்தில் பெண்ணின் இமை நனைந்திருந்தால் அந்த ஈரம் வரைக்கும் தெரியும். இந்தக் காலத்தில் இப்படி மெனக்கெடுகிறாரே என்று எரிச்சலாக இருக்கும். படத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. அந்தக் கேமராவை வேறு யாரும் தொடக்கூடாது. அக்காவுக்கே அனுமதி கிடையாது. "என்னைக் கட்டினதுக்குப் பதிலா அதையே கட்டியிருக்கலாம்" என்று அக்கா சொல்லாத நாள் இல்லை. இருபது வருஷமாக அதே வீட்டில் இருந்தும் கேமராவின் எந்த மூடியைத் திறந்தால் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. சிப்காட்டில் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிது. மெஷினை எல்லாம் கழற்றித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். மாமா வீட்டுக்கு வந்ததும் கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பெனிக்காரர் இல்லையா, மேலாகத் துடைத்தால் மனசு ஆறாது. எதையும் கழற்றிப் பார்த்தால்தான் துடைத்த மாதிரி. லென்ஸைக் கழற்றினார். உள்ளே கண்ணாடிக்கு மேலே பால் நிறத்தில் ஒரு மெல்லிய திரை இருக்கும். வியூஃபைண்டரில் நாம் பார்க்கிற படம் அந்தத் திரையில்தான் விழுகிறது. கொக்கியை நீக்கி அதையும் எடுத்துத் தூசு ஊதி மாட்டினார். பிறகு கேமராவின் தலைமேட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். பொரியில் பாதியை நான்தான் தின்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு உத்தனப்பள்ளியில் ஒரு காதுகுத்து. படங்கள் என் கடைக்கு வந்தன. திறந்து பார்த்தால் குழந்தையின் காது மங்கல், கம்மல் மங்கல், தாய்மாமன் மடி மங்கல். பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்த ஒரு பெரியவரின் மீசை மட்டும் ஒவ்வொரு முடியாக எண்ணிக்கொள்ளலாம் போல அவ்வளவு தெளிவு. சரி, ஒரு படம் அப்படி விழுந்திருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் குழந்தை மங்கல், பின்னால் கொட்டாவி விடுகிற அம்மாவின் பல் தெளிவு. மொத்தப் படமும் அப்படித்தான். அதற்கப்புறம் ஒரு ரிசப்ஷன். மணமக்கள் இரண்டு பேரும் மங்கல், நாற்காலிக்குப் பின்னால் கட்டியிருந்த பிளாஸ்டிக் பூ ஒவ்வொரு இதழாகத் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன மாமா, பின்னாடி நிக்கறவங்ககிட்ட ஆர்டர் எடுத்துட்டீங்களா?" என்று போனில் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாத்தேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கார்த்திகையில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பெண் சுசித்ரா, கிருஷ்ணகிரி பக்கம். படம் யார் எடுப்பது என்று வீட்டில் யாரும் பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது, மாமாதான். அப்படி இருக்கும்போது ஒரு நாள் கடைக்கு வந்து, உட்காராமலே, "மச்சான், உன் கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோ. நான் வந்து பந்தில நிக்கறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் எடுத்தவர் சொந்த மச்சானுக்கு மாட்டேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அக்காவிடம் போய்க் கத்தினேன். அக்கா வழக்கமாக எனக்குப் பரிந்து பேசுகிறவள். அன்றைக்கு, "விடுடா ஹரீஷு, அவர ஒண்ணும் கேக்காத" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்துகொண்டு என்னை ஒதுக்குகிறார்கள் என்றே நினைத்தேன்.

கோபம் இருந்தாலும் முறை விடக்கூடாதே. அக்காவைக் கொடுத்த சம்பந்தி வீட்டுக்கு முதலில் பத்திரிகை வைக்க வேண்டும் என்று மாமாவோடு வண்டியில் உத்தனப்பள்ளிக்குப் போனேன். மாமாவின் அப்பா வெங்கடப்பன் அங்கே இளைய மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்குக் கண் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகப் போன பார்வை. நடுவயதில் ஆரம்பித்ததாம். அப்போது அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல்பு சரியில்லை, கரண்டு கம்மியாக வருகிறது என்று திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் பல்பை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது.

பெரியவர் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு பத்திரிகையின் மஞ்சளை விரலால் தடவிப் பார்த்தார்.

"போட்டோ நம்ம முனிவேலுதானே எடுக்கறான்?" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்தார்.

"அவர்தான் தாத்தா" என்று நானே சொன்னேன். வேறு என்ன சொல்வது?

திரும்பி வரும்போது சானமாவு காட்டுப் பக்கம் வண்டிகளையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது என்று வனத்துறைக்காரர் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால் மாமா யானையைப் பார்த்தபடி இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார். பிறகு வலது கண்ணை மூடினார். மறுபடியும் இடது.

"என்ன மாமா பண்றீங்க?"

ஒன்றுமில்லை என்று கையை இறக்கினார். நான் விடவில்லை. யானைகள் கடைசிக் குட்டியோடு மரத்துக்குள் மறைந்த பிறகுதான் சொன்னார்.

"கண்ணு போகுது மச்சான். நான் தெளிவா வெச்சு எடுத்தா படம் மங்குது. செரின்னு ஆட்டோ ஃபோகஸ் போட்டுப் பாத்தேன். அது பீப்னு கத்துது, ஃபோகஸ் ஆயிருச்சுங்குது. உள்ள பாத்தா எனக்கு மங்கலாத் தெரியுது. ஆனா எடுத்த படம் பளிச்சுன்னு வருது. அப்ப யாரு தப்பு?"

"கேமராவும் தப்பா இருக்கலாமில்ல?"

"அளவு பாக்கற கேஜும் கண்ணும் சண்டை போட்டா கேஜ் சொல்றதுதான் செரி. இத்தன வருசமா ட்ரெய்னிங் வர்ற பசங்களுக்கு அதத்தான சொல்லிக் குடுக்கறேன்." பிறகு, "அப்பாவுக்கு என் வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றார்.

"டாக்டரப் பாத்தீங்களா?"

"போனா சொல்லிருவாங்களே."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்பா பல்பைக் குறை சொல்லியே கண்ணைக் கோட்டைவிட்டார். மகன் கேமராவைக் குறை சொல்லவே துணியாமல் கண் போய்விட்டது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தக் குடும்பத்தில் அளவாக எதையும் செய்யமாட்டார்கள். எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ரோட்டில் ஆள் இருந்ததால் வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "மாமா, அந்தக் கேமராவக் குடுங்க" என்றேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். யானைக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. தன் கேமராவைத் தானே தூக்கிக் கொடுக்கிற முனிவேல் மாமாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

வாசலில் நின்ற என் வண்டியின் நம்பர் பிளேட்டைக் குறி வைத்தேன். ஆட்டோ ஃபோகஸை முடுக்கினேன். பீப் என்றது. வியூஃபைண்டருக்குள் நம்பர் மங்கலாக இருந்தது. என் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் மங்கல். கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும், அவரவர் பார்வைக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ள. அதைத் திருப்பினேன். உள்ளே தெரியும் கறுப்புக் கோடுகள் ஊசி நூல் மாதிரித் தெளிவாயின. நம்பர் அப்படியே மங்கல். அந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த சேறு வரைக்கும் பளிச்சென்று இருந்தது.

"மாமா, எனக்கும் கண்ணு போச்சு" என்றேன்.

அவர் விழித்தார். அக்காவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன். இருபது வருஷத்தில் முதல்முறையாக அதைத் தொட்டாள். நெருப்பைப் பிடித்தது மாதிரிப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "எனக்கும் மங்கலாத்தான் இருக்குது" என்றாள். பிறகு கேமராவை இறக்கி மாமாவைப் பார்த்தாள். "அப்ப உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"என் கண்ணுக்கு என்னன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் மாமா.

"யாரு சொல்லணும்? தெனம் காலைல ஒரு கண்ண மூடிக்கிட்டுக் காலண்டரப் படிக்கறீங்க. நான் குருடியா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என்னிடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். இவர் அவளுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்க, அவள் தனக்குத் தெரியும் என்பதை மறைக்க, நடுவில் நான் ஒரு முட்டாள் கல்யாண ஆல்பத்துக்காகக் கத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"மாமா, நீங்க பசங்களுக்குச் சொல்ற இன்னொண்ணும் இருக்குதே" என்றேன். "அங்கங்க தப்பு வந்தா ஆளு தப்பு, எல்லாம் ஒரே பக்கமா தப்பு வந்தா செட்டிங் தப்புன்னு சொல்வீங்களே. உங்க படம் ஒண்ணுகூட முன்னாடி தப்பல. எல்லாம் பின்னாடிதான் போயிருக்குது."

மாமா அக்கா கையிலிருந்து கேமராவைப் பிடுங்கினார். அந்தப் பிடுங்கலில் பழைய மாமா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது. லென்ஸைக் கழற்றி உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டே பெங்களூரில் கேமரா ரிப்பேர் பார்க்கும் ஆனந்தராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆனந்தராஜ் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற ஆள்.

"ஆட்டோ ஃபோகஸுக்குக் கண்ணு கீழ இருக்கு சார், நீங்க பாக்கற திரை மேல இருக்கு. ரெண்டுக்கும் தூரம் ஒண்ணா இருக்கணும். திரையக் கழட்டினீங்களா?"

"ஆயுத பூஜைக்குத் துடைச்சேன்."

"அய்யோ தேவரே. திரைக்கு மேல மெல்லிசா ஒரு பித்தளைச் சட்டம் இருக்கும், ஷிம்னு சொல்வாங்க. திரை சரியான உயரத்துல உக்கார்றது அதனாலதான். இதெயா நோடி, இருக்கா பாருங்க."

மாமா திரையைக் கழற்றினார். இல்லை. அன்றைக்குத் துடைக்கும்போது துணியில் ஒட்டிக்கொண்டோ, திரையோடு வந்தோ எங்கேயோ விழுந்திருக்கிறது. கம்பெனியில் தகட்டுக்கு அடியில் ஷிம் வைத்து உயரம் சரி செய்வதே பாதி வேலையாக இருக்கிற மனிதர் அவர். தன் கேமராவுக்குள் ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை. அவர் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

கட்டிலுக்கு அடியில் தேடினோம். கேமராப் பையைக் கவிழ்த்தோம். மஞ்சள் துணியை உதறினோம். அக்கா துடைப்பத்தோடு வந்து, "எப்பிடி இருக்கும்?" என்றாள்.

மாமா விரலால் காற்றில் வரைந்தார். "ஸ்டாம்ப் சைஸ் போட்டோ அளவு. நடுவுல ஒண்ணும் இருக்காது. நாலு பக்கமும் மெல்லிசா, முடி கனத்துல. பித்தளை."

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். சாமி அலமாரி முன்னால் போய் நின்றாள். நாங்களும் பின்னால் போனோம். விளக்குக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டலத்தோடு கோயிலில் கொடுத்த சின்ன எல்லம்மா படம் இருந்தது. அதைச் சுற்றிப் பளபளவென்று ஒரு பித்தளைச் சட்டம், நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து ஒட்டியிருந்தது.

"பூஜைக்கு மறுநாள் கூட்டும்போது பொரியோட கெடந்துச்சு" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கிவிட்டது. "எல்லம்மா படத்துதுன்னு நெனச்சேன். பூஜை பண்ண எடத்துல கெடந்தத யாராவது குப்பைல போடுவாங்களா?"

மாமா சட்டத்தைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. அவருக்கு அவசரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "சாமிக்குப் போட்டதாச்சே. இருக்கட்டும் விடு. ஆனந்தராஜ்கிட்டப் புதுசு கேக்கலாம்" என்றார்.

அக்கா திரும்பினாள். "நான் தெனமும் இவகிட்ட என்னா கேட்டேன்னு தெரியுமா உங்களுக்கு? அவர் கண்ண மட்டும் பத்திரமாக் குடுத்துரு, உனக்கு வெள்ளில கண்மலர் சாத்தறேன்னு வேண்டிக்கிட்டு இருக்கறேன். இதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டுத்தான் கேட்டேன். கேட்டதக் குடுக்கறா. வாங்கிக்கறதுக்கு உங்களுக்கு என்னா?"

விளக்கை ஏற்றினாள். கும்பிட்டுவிட்டு நகத்தால் சந்தனத்தைப் பெயர்த்துச் சட்டத்தைத் தனியே எடுத்தாள். வளைந்துவிடாமல் ஒரு வெற்றிலையில் வைத்து நீட்டினாள். மாமா பிரசாதம் வாங்குகிறது மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு இன்னொரு கண்ணில்.

அதற்கப்புறம் வேலைக்காரர் ஆகிவிட்டார். ஒரு துணுக்குச் சந்தனம் ஒட்டியிருந்தாலும் உயரம் மாறும் என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சட்டத்தையும் திரையையும் மாட்டினார். நம்பர் பிளேட்டைக் குறி வைத்தார். பீப் என்றது. கேமராவை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு வளையத்தைத் திருகி ஒரு படம் எடுத்தார். மறுபடியும் ஒன்று. படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கவும் கேமராவை இறக்கவில்லை. அழுகிற ஆளுக்குக் கேமரா நல்ல மறைவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் வாசலுக்குப் போய் வண்டியைத் துடைத்தேன்.

ஆனாலும் அடுத்த வாரமே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். அப்பாவுக்கு வந்தது மகனுக்கும் வரலாம், வருஷம் ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, பேப்பர் படிக்க ஒரு கண்ணாடி போதும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் பழைய பிடிவாதம் வந்துவிடுகிறது. அக்கா சொன்னபடி கண்மலர் சாத்திவிட்டு வந்தாள். மாமா கம்பெனியில் கேட்டு மெல்லிய பித்தளைத் தகடு வாங்கி, எல்லம்மாவுக்கு வேறு சட்டம் வெட்டிக் கொடுத்தார். பழையதைவிட இது அழகு என்று அக்கா சொல்கிறாள்.

என் கல்யாணத்துக்கு மாமாதான் எடுத்தார். முன்வரிசையில் அவருடைய அப்பா உட்கார்ந்து, ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் சத்தம் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். தாலி கட்டும் படம் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, அக்கா வீட்டுக் கூடத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. சுசித்ராவின் கண்ணோரத்து ஈரம் தெரியும். மஞ்சள் கயிற்றின் முறுக்கு தெரியும். நாத்தனார் முடிச்சுப் போடக் காத்துக்கொண்டு பின்னால் அக்கா நிற்கிறாள், ஆள் அடையாளமே தெரியாமல் மங்கலாக.

வருகிறவர்கள் எல்லாம் அவளிடம் கேட்கிறார்கள், இவ்வளவு படம் இருக்கும்போது உன் முகமே தெரியாத படத்தையா மாட்டி வைத்திருக்கிறாய் என்று. அக்கா ஒவ்வொருவரையும் படத்துக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், தான் எவ்வளவு மங்கலாக விழுந்திருக்கிறாள் என்று விரல் வைத்துக் காட்டுகிறாள்.